முள் பன்னிரண்டில் நின்ற கோடை

சேது, நலமா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு இன்று பொறுமை இல்லை. உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தபால்காரர் சைக்கிளைத் திருப்புவதற்குள் வாசலில் நின்றபடியே படித்து முடித்துவிட்டேன். ஆவணியில் கல்யாணம் முடிந்த கையோடு சரோஜா வேலையை விட்டுவிட வேண்டும் என்கிறாய். கேன்வாஸ் ஷூவும் கழுத்தில் விசிலுமாக மைதானத்தில் ஓடுகிறவள் உன் பெண்டாட்டி என்று ஆபீசில் தெரிந்தால் உனக்குத் தலை நிமிர முடியாதாம். இதை நானே பெண் வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டுமாம். 'பக்குவமாக' என்பதற்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய். அவள் பரமக்குடியில் பெண்பிள்ளைகளுக்கு டிரில் டீச்சர் என்று தெரிந்துதானே பெண் பார்க்க வந்தாய்? கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றவன் நீதானே? அப்போது இந்த ஆபீஸ் எங்கே போயிருந்தது?

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். தெருவில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன், ஆனால் பெற்ற பிள்ளைக்கு நாலு வரிக்கு மேல் எழுதியதில்லை. இன்று எழுதப்போகிறேன். உன் அய்யா எதிரில் உட்கார்ந்து, கையில் ஒட்டிய கிரீசை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபடி, "எழுது எழுது, ஒண்ணையும் விட்டுராத" என்று ஏற்றிவிட்டுக்கொண்டிருக்கிறார். உன்னிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறேன் என்று உனக்குப் புரியும். பாதியில் மடித்து வைக்காமல் படி.

நீ ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷத்துக் கோடையை நீ இன்றைக்கும் 'ஜீப் லீவு' என்றுதான் சொல்கிறாய். கீழக்கரை மரைக்காயர் ஒருவர், யுத்தம் முடிந்தபின் ஏலத்தில் விட்ட மிலிட்டரி ஜீப் ஒன்றை எடுத்திருந்தார். அது புகையாகக் கக்கியது. உன் அய்யா அப்போது ராமநாதபுரத்தில் பஸ் கம்பெனி மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வைத்து அந்த எஞ்சினைப் பிரித்து மேய்ந்து, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட்டுக் கொடுத்தார். அப்படிச் செய்த எஞ்சினை எடுத்த எடுப்பில் விரட்டக்கூடாது, ஆயிரம் மைல் வரைக்கும் மெதுவாக ஓட்டித்தான் பழக்க வேண்டும் என்று அவர் சொன்னதும், மரைக்காயர் சாவியை இவர் கையிலேயே கொடுத்துவிட்டார். "நான் கொழும்புக் கடையைப் பாத்துட்டு ரெண்டு மாசத்துல வாரேன். நீங்களே ஓட்டிப் பழக்கி வைங்க. சும்மா காலி வண்டியா ஓட்டாம புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று பெட்ரோலுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு, தனுஷ்கோடி வழியாகக் கப்பலேறிப் போனார். உன் அய்யாவுக்கு அந்த மாதங்களில் சாயங்கால முறை. விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை வண்டியும் நாமும்தான். நம் தெருவில் சொந்தமாக ஒரு சைக்கிள் வைத்திருந்தவர்களே இரண்டு பேர்தான், நாம் ஜீப்பில் போனோம்! எனக்கு எவ்வளவு பெருமை வந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

பெருமைக்குப் பங்கம் செய்தது பேட்டரி. எஞ்சினைப் புதுசாக்கிய மனுஷர் பேட்டரியை அப்படியே விட்டுவிட்டார். தினமும் காலையில் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். நான் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், உன் அக்கா மயிலு நடுவில். வண்டி உறுமியதும் நிறுத்த மாட்டார், நிறுத்தினால் அணைந்துவிடுமே என்ற பயம். நாம்தான் கூடவே ஓடித் தாவி ஏற வேண்டும். "ஏறு, ஏறு, ஏலே காலப் பாத்து வையி!" என்று அவர் கத்துவார். தெரு முழுக்க வாசலில் நின்று சிரிக்கும். முதல் நாள் நான் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே விழுந்ததில் புளிச்சோறு பாதி சீட்டில் கொட்டியது. மயிலு மட்டும் ஏறவில்லை. முக்கு திரும்பும் வரை ஓடிவந்தாள், சத்திரம் தாண்டும் வரை ஓடிவந்தாள். "ஏறு ஆத்தா" என்று உன் அய்யா கையை நீட்டினால், "நீங்க போங்கய்யா, நான் வாரேன்" என்றாள். பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, ஜீப்பின் பக்கவாட்டில் சிரித்துக்கொண்டே வந்தாள். பதின்மூன்று வயசு அவளுக்கு.

உன் அய்யா வேக முள்ளைப் பார்த்தார். புது எஞ்சின் என்று அவர் ஊர்ந்துதான் ஓட்டினார், முதல் வாரம் முள் பத்தைத் தாண்டவே இல்லை. "ஏ, இங்க பாரு. முள்ளு எட்டு மைல்ல நிக்குது. இவ மூச்சு வாங்காம கூடவே வாரா" என்றார் என்னிடம். அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டானது. ஊர் எல்லை தாண்டியதும் மயிலு இறங்குவாள், இவர் முள்ளை ஓரிடத்தில் நிறுத்துவார், சாலையோரத்துப் பர்லாங் கல் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அவள் ஓடுவாள். முள்ளைப் பார்த்துச் சொல்வது உன் வேலை. அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாய், என்னைக்கூட முன் சீட்டில் உட்கார விடமாட்டாய். "எட்டு! எட்டரை! அக்கா, ஒம்பது!" என்று தொண்டை கிழியக் கத்துவாய். நீயும் இரண்டு நாள் இறங்கி ஓடிப் பார்த்தாய். மூன்றாம் நாள் நெருஞ்சிமுள் குத்திவிட்டது என்று ஏறிக்கொண்டாய். எந்தக் காலில் குத்தியது என்று கேட்டதற்கு இரண்டு காலையும் மாற்றி மாற்றிக் காட்டினாய்.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கோடை எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களைச் சுற்றி வந்தோம். ஏர்வாடி தர்காவில் நீ பெரிய புறாக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு போய் ஒரு பெரியவர் மேல் முட்டினாய், அவர் உனக்குச் சர்க்கரை கொடுத்து அனுப்பினார். பெரியபட்டினத்துக் கரையில் மீன் வாங்கி அங்கனயே சுட்டுத் தின்றோம். ஈர மணலில் நானும் ஓடினேன், தெரியுமா? யாரும் இல்லை என்று நினைத்து உன் அக்காவோடு போட்டி போட்டேன். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள், "ஓடு ஆத்தா, விடாத!" என்று எனக்குக் கைதட்டினார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நிற்கவில்லை. மூச்சிரைக்க மணலில் விழுந்து கிடந்தபோது, என் கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர்க் குடத்தோடு வேகமாக நடந்திருக்கிறேன், பஸ்ஸைப் பிடிக்க எட்டி வைத்திருக்கிறேன். ஓடியதில்லை.

கீழக்கரையில் மரைக்காயர் வீட்டுக்கு வண்டியைக் காட்டப் போனபோது, ஊருக்குள் நுழையும் கடைசி மைலை மயிலு ஓடித்தான் வந்தாள். அந்த வீட்டு அம்மா கதவுப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்! இந்தப் புள்ளைக்கு மூச்சே வாங்கலையே!" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போய் ஒரு தட்டு நிறையத் தொதலைக் கொடுத்தார். கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் மினுமினுக்கும் அந்தத் தொதலில் பாதியை நீதான் தின்றாய். தின்றுகொண்டே அந்த வீட்டுப் பையன்களிடம், "எங்க அக்கா ஜீப்பையே தோற்கடிச்சிருவா. உங்க அக்கா ஓடுவாளா?" என்று வம்பிழுத்தாய். உன் வாயைப் பொத்தி வெளியே கொண்டுவர எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த வாய்தானா இன்றைக்கு எனக்கு இப்படிக் கடிதம் எழுதுகிறது?

உச்சிப்புளி சாலையில் ஒருநாள் நம்மை ஒரு சைக்கிள் பின்தொடர்ந்தது. அடுத்த தெருவில் இருந்த டிரில் மாஸ்டர். ஓர் ஓரமாக நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "யாருங்க இந்தப் புள்ள?" என்று கேட்டார். "எம் மகதான்" என்று உன் அய்யா சொன்ன விதத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் மாஸ்டர் ஸ்டாப் வாட்சோடு வந்தார். அடுத்தடுத்து நாலு நாள் வந்தார். ஐந்தாம் நாள் வீட்டுக்கே வந்து, சாப்பிடக்கூட உட்காராமல் மோரை மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். பள்ளிக்கூடம் திறந்ததும் மதுரையில் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டப் போட்டி இருக்கிறது. அதில் தேறினால் ஹாஸ்டலில் சேர்த்துக்கொள்வார்கள். அங்கேயே படித்து டிரில் டீச்சராகவே வந்துவிடலாம். "நான் பதினாறு வருஷமா இந்த வேலை பாக்குறேன். இப்படி ஒரு காலப் பாத்ததில்ல. அனுப்புறேன்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். உன் அய்யா என்னைப் பார்த்தார். நான் மயிலைப் பார்த்தேன். அவள் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். ஜீப்போடு ஓடும்போது கூட அவளுக்கு அப்படி மூச்சு நின்றதில்லை. "அனுப்புறோம்" என்று நான்தான் சொன்னேன். இதை நன்றாக நினைவில் வை, வாக்குக் கொடுத்தது நான்.

அந்த வாரக் கடைசியில் அவள் பன்னிரண்டைத் தொட்டாள். மாஸ்டர் சைக்கிளை அரை மைல் தள்ளி நிறுத்தியிருந்தார். நாலு பர்லாங் கல். முள் பன்னிரண்டில் ஆடாமல் நின்றது, அவள் முன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வந்தாள். நீ கத்தக்கூட மறந்து வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தாய். நாலாவது கல்லைத் தாண்டியதும் சாலையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பை நான் அவள் கல்யாணத்தில் பார்க்கவில்லை, மூன்று பிள்ளை பெற்றபோதும் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. புழுதி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்து ராமேஸ்வரம். உன் அய்யா ஒருநாள் லீவு போட்டார். பாம்பனில் ரயில் பாலம் மட்டும்தான், வண்டிக்குத் தாண்ட வழியில்லையே, மண்டபம் ஸ்டேஷன் ஓரமாக நிறுத்திவிட்டு ரயிலைப் பிடிக்க வேண்டும். வழியில் டயர் பஞ்சராகி நேரமாகிவிட்டது. ரயில் ஊதிவிட்டது. நான் கட்டுச்சோற்று மூட்டையோடும், உன் அய்யா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டும் ஓட, மயிலு எங்களுக்கு வெகுதூரம் முன்னால் போய் ரயில் கார்டு முன் நின்று, "எங்க அம்மா வாராங்க! கொஞ்சம் நிப்பாட்டுங்க! அங்கன பாருங்க, மூட்டையோட வாராங்க!" என்று கெஞ்சினாள். அவர் சிரித்துக்கொண்டே கொடியைக் கீழே இறக்கினார். பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது நீ இரண்டு பக்கமும் ஓடி ஓடிக் கடலைப் பார்த்தாய். அன்று காலை வரை எல்லாம் இப்படித்தான் இருந்தது.

அக்கினி தீர்த்தத்தில் குளித்துக் கரையேறும்போது மயிலு என் சேலையை இழுத்தாள். காதில் சொன்னாள். அவள் பெரியமனுஷி ஆகிவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். தாய்மாமனுக்கு முதலில் சொல்ல வேண்டும், அவர் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும், பதினாறு நாள் அதில் உட்கார வைத்துச் சடங்கு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் காலத்தில் நம் வீடுகளில் எந்தப் பெண்ணும் பள்ளிக்கூடம் போனதில்லை. உன் அய்யாவைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, "நமக்கு மூணு பேருக்குத்தான தெரியும்? போட்டி முடியட்டும். அப்புறம் உன் அண்ணனுக்குச் சொல்லி, ஊரக் கூட்டிச் செய்வோம். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றார். மயிலு என் கையை விடவே இல்லை. "யார்ட்டயும் சொல்லாதீங்கம்மா. மதுரைக்குப் போயிட்டு வந்து நான் எத்தன நாள் வேணும்னாலும் உக்காந்துக்கிறேன்" என்றாள். சரி என்றேன். உன்னையும் என்னையும் கோயிலுக்குள் அனுப்பிவிட்டு அவர்கள் இருவரும் வெளியிலேயே நின்றார்கள். அக்கா ஏன் வரவில்லை என்று நீ கேட்டாய். கால் வலி என்றேன்.

வீட்டுக்கு வந்தபின் எனக்கு நிம்மதி போனது. அவள் விளக்கேற்றினால் திக்கென்றது, தண்ணீர்ப் பானையைத் தொட்டால் திக்கென்றது. சாமி படத்தைத் திரும்பிப் பார்க்கவே கூசினேன். ஏழாம் நாள் உனக்குக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது, கண்ணைத் திறக்கவில்லை, என்னென்னவோ பிதற்றினாய். முந்தின நாள் வெயிலில் கணக்கில்லாமல் நுங்கும் மாங்காயும் தின்றவன் நீ. டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் என் புத்தி அங்கே போகவில்லை. தீட்டை மறைத்தேன், சாமி என் ஆண்பிள்ளை மேல் கை வைத்துவிட்டது என்றே நம்பினேன். உன் அய்யா வேலைக்குப் போயிருந்தார். உத்தரகோசமங்கைப் பக்கம் போகிற ஒரு வண்டிக்காரரிடம் என் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். மயிலு உன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லி அனுப்பியது அவள் காதில் விழுந்தது. துணியை நனைத்துப் பிழிந்து மறுபடியும் உன் நெற்றியில் போட்டாள்.

மறுநாள் விடிவதற்குள் உன் மாமன் வண்டி நிறையத் தென்னங்கீற்றும் வேப்பங்குழையுமாக வந்து இறங்கிவிட்டார். அன்று மத்தியானமே உன் காய்ச்சலும் இறங்கியது. நீ எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாய். வெளியே குலவைச் சத்தம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சேது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அண்ணன் கொண்டுவந்த பட்டைக் கட்டிக்கொண்டு சீர்த் தட்டுகளை எண்ணிப் பார்த்துப் பூரித்து நின்றேன். இரண்டாம் நாள் டிரில் மாஸ்டர் வந்தார். தெருமுனையிலேயே பச்சைக் குடிசையைப் பார்த்தார். சைக்கிளைவிட்டு இறங்கவில்லை, அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் நான் சோறு வைக்கப் போனபோது மயிலு, "மதுரைக்கு இன்னும் எத்தன நாள்ம்மா இருக்கு?" என்று கேட்டாள். "அதெல்லாம் இனி இல்லத்தா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு ஓலைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அழுதிருந்தால் கூட நான் சமாதானம் சொல்லியிருப்பேன்.

உன் அய்யா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "இன்னும் இருநூறு மைல் பாக்கி இருக்கு. முடிச்சிட்டு வாரேன்" என்று தினமும் காலையில் கிளம்பினார். தெரு ஆட்கள் தள்ளிக் கொடுத்தார்கள். வண்டி உறுமும் சத்தம் கேட்டதும் குடிசைக்குள் மயிலு எழுந்து நின்றுவிடுவாள், சத்தம் அடங்கியதும் உட்காருவாள். பதினாறு நாளும் இதை நான் பார்த்தேன். பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் போகவில்லை. இரண்டு வருஷத்தில் என் அண்ணன் மகனுக்கே கட்டிக் கொடுத்தோம். உன் மச்சான் தங்கமான மனுஷன், அதில் எனக்குக் குறை இல்லை. மயிலும் என்னை ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. ஆனால் ஒரு நாள், வெறும் ஒரே ஒரு நாள் நான் வாயை மூடிக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் காய்ச்சல் தானாக இறங்கியிருக்கும். அவளும் மதுரைக்குப் போயிருப்பாள். ஜெயித்திருப்பாளா, யாருக்குத் தெரியும்? ஓடியிருப்பாள்.

இதில் உன் பிழை ஒன்றும் இல்லை. பத்து வயசுப் பிள்ளை நுங்கு தின்றதா குற்றம்? பயந்த நேரத்தில் எடுத்த முடிவு என்னுடையது. உனக்கு நான் சொல்ல விரும்பும் புத்தியும் இது ஒன்றுதான். பயம் பிடித்திருக்கும்போது அடுத்தவர் வாழ்க்கையில் கை வைக்காதே. நான் சாமிக்குப் பயந்தேன், நீ ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குப் பயப்படுகிறாய். என் பயத்துக்காவது உன் உடம்பில் கொதிப்பு இருந்தது. உனக்கு என்ன கொதிக்கிறது? அவள் மதராசிலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மனுப் போட்டிருக்கிறாள், தெரியுமா? உன்னோடு வந்து இருக்கவேண்டும் என்றுதான் போட்டிருக்கிறாள். நீ அதைக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை பரமக்குடிக்குப் போனேன். மயிலையும் கூட்டிக்கொண்டு போனேன். பெண் வீட்டுக்குப் போகவில்லை, நேரே பள்ளிக்கூடத்துக்கே போனோம். கம்பி வேலிக்கு வெளியில் நின்று பார்த்தோம். சரோஜா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, விசிலை ஊதிக்கொண்டு, நாற்பது பிள்ளைகளோடு தானும் மைதானத்தைச் சுற்றி வந்தாள். கடைசியில் தவங்கித் தவங்கி வந்த ஒரு குண்டுப் பிள்ளைக்காகப் பின்னால் போய், "வா, வா, நான் கூட வாரேன், நீ நிக்காத" என்று பக்கத்திலேயே ஓடினாள். மயிலு கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை சுற்றை முடிக்கும் வரை பார்த்தாள். அப்புறம், "இவ ஊதுற விசிலுக்கு நான் ஓடியிருப்பேம்மா" என்றாள். பதினாலு வருஷத்தில் அவள் அதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் அங்கனயே வாய்விட்டு அழுதேன். அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

மணி அடித்ததும் சரோஜா எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "வாங்க அத்தை, என்ன இவ்வளவு தூரம்?" என்றாள். பக்குவமாகச் சொல்லச் சொன்னாயே, எனக்குப் பக்குவம் வராது. நீ எனக்கு எழுதிய கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டேன். மரத்தடியில் நின்று இரண்டு முறை படித்தாள். முகம் கொஞ்சம் வெளுத்தது. மடித்துத் திருப்பித் தந்து, "இது அவர் என்கிட்ட கேட்டிருக்க வேண்டியது இல்லையா அத்தை?" என்றாள். ஆமாம் என்றேன். "நான் வேலைய விடமாட்டேன். அவர் மனசு மாறலைன்னா நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லி எங்க அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துப் பாக்குறேன்" என்றாள். அந்தத் தட்டு திரும்பி வந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். உன் அய்யாவும் அதையேதான் சொல்கிறார்.

ஆகவே எனக்குப் பதில் எழுதாதே. நீ என்ன எழுதினாலும் நான் பிரிக்கப்போவதில்லை. அவளுக்கு எழுது. உன் கையால், உன் பெயர் போட்டு, அவள் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுது. இந்தக் கடிதம் உனக்குச் செவ்வாய்க்கிழமை கிடைக்கும். அன்று சாயங்காலத் தபாலில் சேர்த்தால்தான் வெள்ளிக்கிழமைக்குள் பரமக்குடிக்குப் போய்ச் சேரும். உன் ஆபீசிலிருந்து தபாலாபீஸ் இரண்டு தெரு தள்ளி இருப்பதாக நீயே சொல்லியிருக்கிறாய். தெருவில் எல்லாரும் பார்ப்பார்கள், ஆபீஸ் ஆட்களும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஓடு.

உன் அம்மா